சுவரின்மேல் கவிழ்த்த குண்டான்

அக்கா,

உன் மருமகள் இன்று காலை மறுபடியும் விற்பனைக்கு இடியாப்பம் அவிக்க ஆரம்பித்துவிட்டாள். உன் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடியட்டும் என்று காத்திருந்தாளாம். கதவைத் திறந்தேன், மாவு வேகிற அந்த ஆவி வாசனை சுவரைத் தாண்டி வந்து முகத்தில் அடித்தது. நீ எழுந்துவிட்டாய் என்றே ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் உள்ளே ஓடினேன். துக்கத்தால் ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உன்னிடம் நான் பொய் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஓட வைத்தது பயம். உன் வீட்டு வாசனை வந்தாலே எனக்கு என் வீட்டு அரிசி டப்பா ஞாபகத்துக்கு வந்துவிடும். இன்றும் முதலில் போய் அதைத்தான் திறந்து பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் பிரசங்கக் குறிப்பு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். அவர் வீட்டில் இல்லை. உனக்குப் படிக்கத் தெரியாது என்பதும் தெரியும். இருந்தாலும் நமக்குள் பதினோரு வருஷமாகப் பேசாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை எங்கேயாவது வைத்தாக வேண்டும்.

நாங்கள் கடப்பாக்கத்துக்குக் குடிவந்த நாளில், சாமான் இறக்குகிறவர்களுக்கு நீதான் தண்ணீர் கொடுத்தாய். "இன்னா வேல பாக்கறாரு வூட்டுக்காரரு?" என்று கேட்டாய். பாஸ்டர் என்றேன். "சம்பளம் யாரு குடுப்பா?" என்றாய். ஆண்டவர் என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நல்ல ஆளுதான், ஆனா ஒண்ணாந்தேதி குடுப்பாரா?" என்று கேட்டாய். சிரிப்பு வந்தது. உள்ளே அடித்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த மனுஷர் அவர். ஊழியத்துக்கு அழைப்பு வந்துவிட்டது என்று ஒரு நாள் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். சம்பளம் தருகிற பெரிய சபை எதிலும் சேரவில்லை. விசுவாச ஊழியம் என்பார்கள் எங்களில். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு ஆண்டவர் தருவார். தேவையை முழங்காலில் நின்று அவரிடம் சொல்லலாம். மனுஷரிடம் வாய் திறக்கக்கூடாது. கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொடுத்த மகளிடமும் கூடாது. "ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு அப்புறம் வந்துச்சின்னா, அத கர்த்தர் குடுத்தாருன்னு எப்படி சொல்றது?" என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. யாரிடமும் கேட்பதில்லை என்று அவரோடு முழங்காலில் நின்று நானும் பொருத்தனை பண்ணிக்கொண்டேன். அவர் கண்ணை மூடியிருந்தார். நான் பாதி திறந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் காலத்தில் அரிசி இல்லாத வீடு உண்டா, ரேஷனில் சும்மா தருகிறார்களே என்று யாராவது கேட்பார்கள். எங்களுடையது சர்க்கரை கார்டு, அதற்கு அரிசி கிடையாது. கம்பெனி வேலையில் இருந்தபோது ரேஷன் அரிசி நமக்கு எதற்கு என்று கௌரவமாக எழுதிக்கொடுத்து வாங்கியது. அதை அரிசி கார்டாக மாற்ற ஒரு மனு எழுதினால் போதும். மனு எழுதுவதும் மனுஷனிடம் கேட்பதுதான் என்று அவர் எழுதவில்லை. பிறகு அவருக்குச் சர்க்கரை வியாதியும் வந்து சேர்ந்தது. "ஒடம்புலயும் சக்கர, கார்டுலயும் சக்கர. சோத்துக்கு இன்னா பண்ணுவாரு பாஸ்டரு?" என்று நீ ஒரு நாள் கேட்டபோது நான் கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

முதல் தடவை நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாங்கள் வந்த வருஷம், ஐப்பசி அடைமழை விட்டு வெயில் அடித்த ஒரு காலை. சபையில் வருகிறவர்கள் எல்லோரும் உப்பளத்துக்கும் கழனிக்கும் இறால் பண்ணைக்கும் போகிறவர்கள். மழையில் வேலை இல்லை, காணிக்கைப் பையும் ஈரமாகத்தான் வந்தது. டப்பாவில் அரிசி இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் காலிக் குண்டானைத் தேய் தேய் என்று தேய்த்து, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் குட்டைச் சுவரில் கவிழ்த்து வைத்தேன். அந்தப் பக்கம் நீ இடியாப்பத் தட்டு கழுவிக்கொண்டிருந்தாய்.

"இன்னா பாஸ்டரம்மா, பத்து மணிக்கே சோத்துக் குண்டான் வெயில் காயுது?" என்றாய்.

நான் பதில் சொல்லவில்லை. பொருத்தனை. சிரித்தேன், அந்தச் சிரிப்பு எப்படி இருந்ததோ. நீ கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய். கொஞ்ச நேரத்தில் தூக்குச்சட்டியில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ஒரு பையில் அரிசியுமாகச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாய். "மிஞ்சிப் போச்சு" என்று மட்டும் சொன்னாய். அரிசி எந்த ஊரில் மிஞ்சும்?

அந்த ஞாயிறு அவர் சாட்சி சொன்னார். நாங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஆண்டவர் ஒரு சகோதரியின் இருதயத்தை ஏவினார் என்று குரல் உடைந்து சொன்னார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. நானும் சொன்னேன். அன்றைக்கு அது உண்மைதான்.

அடுத்த தடவை டப்பா காலியானபோது என் கை தானாகக் குண்டானைத் தேடியது. கழுவ வேண்டிய அவசியமே இல்லை, நேற்றே கழுவியது. இருந்தாலும் கொண்டுபோய்ச் சுவரில் கவிழ்த்தேன். பாத்திரம் காய வைப்பது பாவமா, வாயால் ஒரு வார்த்தை சொன்னேனா என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் நீ வந்தாய். மூன்றாம் தடவை, நான்காம் தடவை, அதற்குப் பிறகு கணக்கில்லை. நான் கவிழ்ப்பேன், நீ வருவாய், அவர் சாட்சி சொல்வார். நான் முதல் வரிசையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீ என்னைப் பயந்தாங்கொள்ளி என்பாய். எத்தனை பயம் என்று உனக்குத் தெரியாது. குண்டானைக் கவிழ்த்துவிட்டு நீ பார்த்தாயா இல்லையா என்று பயம். பார்த்துவிட்டு, இதே பிழைப்பாகப் போய்விட்டது இவளுக்கு என்று நினைப்பாயோ என்று பயம். என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் வந்து சுவரைப் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று பயம். எல்லாவற்றுக்கும் மேலே, ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்கிற பயம். மற்றவர்களுக்கு ஆறுதலாக இருக்கிற வார்த்தை அது. எனக்கு அதைக் கேட்டாலே எங்கேயாவது போய் ஒளியத் தோன்றும். ஒரே ஒரு நாள் கவிழ்க்காமல் இருந்து பார்க்கலாமே, ஆண்டவர் தருகிறாரா என்று தெரிந்துவிடுமே என்று எத்தனையோ காலை நினைத்திருக்கிறேன். வராமல் போய்விட்டால்? பசியைக்கூடத் தாங்கிவிடலாம். அவர் தரவில்லை என்று தெரிந்த பிறகு எப்படி அந்த வீட்டில் இருப்பது, எப்படி அந்த மனுஷர் முகத்தைப் பார்ப்பது? அதனால் சோதித்தே பார்க்கவில்லை. பத்து மணி அடித்தால் குண்டான் சுவரில் இருக்கும்.

ஒரு தடவைதான் நீ அதைப் பற்றி வாய் திறந்தாய். வனாந்தரத்தில் இருந்த தீர்க்கதரிசிக்குக் காகங்கள் ஆகாரம் கொண்டுவந்ததை அவர் பிரசங்கத்தில் சொல்லி, எங்களுக்கும் அப்படி ஒரு காகம் உண்டு என்றிருந்தார். யாரோ அதை உன் காதில் போட்டுவிட்டார்கள். கொல்லையில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாஸ்டரு என்ன காக்கான்னாராமே?" என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டுச் சுவரைத் தட்டினாய்.

"பாஸ்டரம்மா, உன் மூஞ்சப் பாத்தாலே எனக்குத் தெரியும். இன்னாத்துக்கு இந்தக் குண்டான் நாடகம்? வாயத் தொறந்து ஒரு வார்த்த, அக்கா, இல்லக்கான்னு சொன்னா இன்னா பேஜாராயிடும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எனக்கும் அவன்தான் குடுக்கறான்" என்று நீ மேலே கையைக் காட்டினாய். "ஆனா நான் மாவு இல்லன்னா மில்லுக்காரன்ட்ட கேக்கறனா இல்லியா? கேட்டா அவன் கோச்சிக்குவானா?" என்றாய். யார் கோபித்துக்கொள்வார், மில்லுக்காரரா, மேலே இருப்பவரா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இல்லக்கா. ஒரே ஒரு சின்ன வார்த்தை. நீ காத்திருந்துவிட்டு, தட்டு கழுவப் போனாய்.

நீ போன காலையைப் பற்றி அதிகம் எழுத முடியாது. அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி சாய்ந்துவிட்டாய் என்றார்கள். ஓடி வந்தேன். உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லோரும், பாஸ்டரம்மாவுக்கு என்ன பாசம் பார் என்றார்கள். பாசம்தான், அக்கா, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழுகைக்கு நடுவில், இனி எங்களுக்கு யார் கொண்டுவருவார்கள் என்று ஒரு நினைப்பு பாம்பு மாதிரி தலையைத் தூக்கியது. உன் கால் இன்னும் சூடாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் அரிசியை நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ டப்பா காலியானது. போய்க் கவிழ்த்து வைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். மத்தியானம் உன் மருமகள் சுவர் மேல் எட்டிப் பார்த்து, "அக்கா, குண்டான் காஞ்சி போச்சி, காக்கா எச்சம் போட்டு வெச்சிகீது, உள்ள எடுங்க" என்றாள். நல்ல பெண். அவளுக்கு என்ன தெரியும்? உள்ளே எடுத்துக் கழுவினேன்.

"கர்த்தர் நம்மள சோதிக்கறாரு. உபவாசம் இருப்போம்" என்றார் அவர். முதல் நாள் உபவாசம். இரண்டாம் நாளும் உபவாசம். சாயங்காலம் மகள் போன் செய்து, "சாப்ட்டியாமா?" என்றாள். "சாப்ட்டேன்டி" என்றேன். "இன்னா கொழம்பு?" என்றாள். கருவாட்டுக் குழம்பு என்றேன். போனை வைத்த பிறகு நாக்கில் அந்தக் குழம்பு ருசி வந்தது, அவ்வளவு பொய்.

நான்காம் நாள் காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கப் போனவர் வாசலில் சரிந்தார். வேர்த்துக் கொட்டியது, கண் செருகியது. டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடினேன். அடியில் ஒட்டியிருந்த சர்க்கரையைச் சுரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். ரேஷனில் அதுதானே தருகிறார்கள். மெல்லக் கண் திறந்தார். திறந்ததும், "ஸ்தோத்திரம், பாத்தியா, எழுப்பிட்டாரு" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. செத்துப்போவார் என்ற பயம் மற்ற எல்லாப் பயத்தையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், குண்டான், பத்து மணி, நீ.

"எத்தினி வாட்டி?" என்றார்.

"மொத வாட்டி தவிர எல்லா வாட்டியும்."

பாயில் படுத்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப நான் பதினோரு வருஷமா பொய்சாட்சியா சொல்லிக்கினு இருந்தேன்?" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரல் திட்டவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற அன்றைக்கு இருந்த முகம் முழுசாகக் காணாமல் போயிருந்தது. நான்தான் அதை எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வரவே கூடாது என்று ஜெபித்தேன். என் ஜெபங்களில் அதுவும் கேட்கப்படவில்லை. சாட்சி நேரத்தில் அவர் எழுந்து நின்றார். சுற்றி வளைக்கவில்லை. எங்கள் வீட்டில் அரிசி இல்லை என்றார். இதுவரைக்கும் இல்லாதபோதெல்லாம் என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் குறிப்புக் காட்டினாள், அந்த அம்மா கொடுத்தார்கள், நான் அது தெரியாமல் வேறு மாதிரி சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்றார். தகரக் கூரைக்குக் கீழே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், வெளியே போய்க் காறித் துப்புவார்கள் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒருத்தி எழுந்தாள். இறால் பண்ணைக்கு வேலைக்குப் போகிறாளே, நம் சந்தின் கோடி வீடு, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். அவள் சபையில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"ஐயா, போன மழையில எனக்கு வேல இல்ல. கார்டு மாமியா கைல மாட்டிக்கிச்சி. மூணு நாளு வூட்ல ஒண்ணும் இல்ல. நீங்க சொன்ன சாட்சியக் கேட்டுட்டு நானும் யார்ட்டயும் சொல்லல. கதவ சாத்திக்கினு புள்ளைங்களோட முட்டி போட்டேன். யாரும் வர்ல." அவள் குரல் ஏறியது. "உங்க வூட்டுக்கு வருது, என் வூட்டுக்கு வர்ல. அப்ப எனக்கு விசுவாசம் இல்லன்னு நெனச்சிக்கினேன். இன்னி வரைக்கும் அப்டித்தான் நெனச்சிக்கினு கீறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் பிரசங்க பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா, அந்த மூன்று நாளும் அந்தச் சாத்திய கதவைத் தாண்டி நான் போயிருக்கிறேன். அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் நீ கொண்டுவந்த அரிசி இருந்தது. என் டப்பாவைத் தவிர வேறு எந்த வீட்டு டப்பாவைப் பற்றியும் பதினோரு வருஷத்தில் நான் பயந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆண்டவர் பார்க்கிறார் என்று இத்தனை காலம் நடுங்கினேனே, அவர் என் சுவரைப் பார்க்கவில்லை, என் கண் போகாத அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று தோன்றியது. அன்றைக்கு வந்த பயம் பழைய பயம் எதைப் போலவும் இல்லை.

அன்று சாயங்காலம் அவளே வந்தாள். முந்தானைக்குள் ஒரு பை. திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். பையை அடுப்பு மேடையில் வைத்தாள். ரேஷன் அரிசி. எனக்கு வாங்கத் தைரியம் இல்லை.

"உன் வூட்ல கீதா?" என்று கேட்டேன். பாஸ்டரம்மாவான பிறகு இன்னொருத்தியிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதான் கீது. ரெண்டு வூட்டுக்கும்தான் கொண்டாந்தேன். அடுப்பப் பத்த வை, புள்ளைங்க பின்னால வந்துகினு கீதுங்க" என்றாள்.

ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து உப்புப் போட்ட கஞ்சி குடித்தோம். அவர் ஜெபிக்கவில்லை. அவளுடைய சின்னப் பெண்தான் ஜெபித்தாள்.

இதற்குப் பிறகு எல்லாம் நன்றாக ஆகிவிட்டது என்று எழுத வழியில்லை. இரண்டு குடும்பங்கள் சபையை விட்டுப் போய்விட்டன. போகாதவர்களும் கூலிக்காரர்கள், இன்று கொடுத்தவள் நாளை வந்து கேட்பாள், கேட்கிறாள், அது சரிதான். அவர் இன்று காலை கார்டை மாற்றித் தரச்சொல்லி மனு எழுதி எடுத்துக்கொண்டு செய்யூர் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறார். மனுவை நான்கு தடவை கிழித்து எழுதினார். கேட்பது இவ்வளவு கஷ்டமா என்று என்னிடம் கேட்டார். ஆண்டவர் இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. இருக்கிறார் என்பதால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. தினமும் பத்து மணிக்குச் சந்தின் கோடிவரை நடந்து போய், எந்த வீட்டில் கதவு சாத்தியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன். நீ எப்படி மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டாய் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை; நான் தட்டிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

நீ உயிரோடு இருந்தவரை உன்னிடம் ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொல்லாததை இன்று சொல்கிறேன். கொண்டுவா என்று சொல்லவில்லை. நீ கொல்லையில் காத்திருந்தாயே, அதற்காகச் சொல்கிறேன். டப்பாவில் இன்றைக்கு இருக்கிறது. நாளைக்கு இல்லக்கா.